ஐந்து வருடம் என்ற அளவுகோல்: புற்றுநோய்க் கணக்கின் கதை

2007 அக்டோபரில் அமெரிக்க ரேடியோவில் ஒரு தேர்தல் விளம்பரம் ஓடியது. பேசியவர் நியூயார்க்கின் முன்னாள் மேயர் ரூடி ஜூலியானி. ஜனாதிபதி வேட்பாளர் ஆவதற்கு முயன்றுகொண்டிருந்த நேரம் அது. அவருக்குப் புராஸ்டேட் புற்றுநோய் வந்து, சிகிச்சையில் குணமாகியிருந்தது. அமெரிக்காவில் இந்த நோயிலிருந்து பிழைக்கும் வாய்ப்பு 82 சதவீதம், அரசாங்கமே வைத்தியம் பார்க்கிற இங்கிலாந்தில் வெறும் 44 சதவீதம், நல்லவேளை தான் அமெரிக்காவில் இருந்தேன் என்பதுதான் விளம்பரத்தின் சாரம்.

கேட்டவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும். பாதிக்குப் பாதி வித்தியாசம்! ஆனால் அதே காலத்தில் ஒரு லட்சம் ஆண்களில் வருடத்துக்கு எத்தனை பேர் புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தார்கள் என்று பார்த்தால், இரண்டு நாடுகளிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கைதான்.

82, 44 இரண்டுமே உண்மையில் பிழைப்பு விகிதங்கள் இல்லை. அந்த வருடம் இறந்தவர்களை அந்த வருடம் நோய் கண்டவர்களால் வகுத்து யாரோ போட்ட கணக்கு. இங்கிலாந்தின் அதிகாரபூர்வமான ஐந்தாண்டு பிழைப்பு 74 சதவீதம். அதை விட்டுவிடலாம், அரசியலில் இதெல்லாம் சகஜம். தப்பான எண்களைத் தூக்கிவிட்டுச் சரியான எண்களைப் போட்டாலும் அமெரிக்காவின் 98-க்கும் இங்கிலாந்தின் 74-க்கும் இடைவெளி இருக்கிறதே, இறப்பில் மட்டும் அந்த இடைவெளி ஏன் தெரியவில்லை? அதைப் புரிந்துகொள்ள இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

முதலில் எண்ணப்பட்டது சாவுதான். 1662-ல் லண்டன் துணி வியாபாரி ஜான் கிரௌண்ட் நகரின் இறப்புப் பட்டியல்களைத் தொகுத்து ஒரு புத்தகம் போட்டார். வியாபாரி அல்லவா, பட்டியலைக் கண்டால் கூட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது! அதில் 1632-ஆம் வருடப் பட்டியலில் 'கேன்சரும் ஓநாயும்' என்று ஒரு வரி, பக்கத்தில் 10 என்று எண். ஓநாய் என்றால் காட்டு ஓநாய் இல்லை, சதையைத் தின்னும் புண்ணுக்கு அப்போது இருந்த பெயர். இறந்தவர் வீட்டுக்குப் போய்க் காரணம் என்ன என்று பார்த்துச் சொன்னவர்கள் டாக்டர்கள் அல்ல, அதற்கென்று நியமிக்கப்பட்ட வயதான பெண்கள். அவர்கள் வெளியில் தெரிகிற கட்டியையும் புண்ணையும்தான் பார்த்திருக்க முடியும். வயிற்றிலும் நுரையீரலிலும் இருந்த புற்றுநோய் வேறு ஏதோ பெயரில் பட்டியலுக்குள் போயிருக்கும்.

அடுத்த பெரிய கணக்கு இத்தாலியில். ரிகோனி-ஸ்டெர்ன் என்பவர் வெரோனா நகரில் 1760 முதல் 1839 வரையிலான இறப்புப் பதிவுகளைப் புரட்டி 1842-ல் முடிவைச் சொன்னார். கன்னியாஸ்திரீகளிடம் கருப்பைப் புற்றுநோய் மற்றப் பெண்களைவிடக் குறைவு, மார்பகப் புற்றுநோய் அதிகம். காரணம் அவருக்குத் தெரியாது. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குப் பின்னால் உடலுறவில் பரவும் ஒரு வைரஸ் இருக்கிறது என்பது நிரூபணமாக இன்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது. ஆனால் துப்பு அந்தப் பழைய ரிஜிஸ்டர்களிலேயே இருந்தது.

தடுப்பும் இப்படித்தான் ஆரம்பித்தது. புகைபோக்கி துடைக்கும் சிறுவர்களுக்குப் பின்னாளில் விதைப்பையில் புற்றுநோய் வருவதை 1775-லேயே லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட் எழுதிவிட்டார். 1892-ல் ஹென்றி பட்லின் ஒரு நல்ல கேள்வி கேட்டார். இங்கிலாந்துத் தொழிலாளிக்கு வருகிற இந்த நோய் ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் அதே வேலை பார்ப்பவர்களுக்கு ஏன் அவ்வளவாக வருவதில்லை? அங்கே அவர்கள் உடலை மூடும் உடுப்பு போட்டார்கள், வேலை முடிந்ததும் நன்றாகக் குளித்தார்கள். மருந்தும் இல்லை, கத்தியும் இல்லை. ஒரு நாட்டின் தொழிலாளர்களை இன்னொரு நாட்டின் தொழிலாளர்களோடு ஒப்பிட்டதால் மட்டுமே இது தெரிந்தது.

சாவைக் கணக்கிட்டால் மட்டும் போதாது, நோய் வந்தவர்களையும் எண்ண வேண்டும் என்ற யோசனை அதன்பிறகு வந்தது. 1900 அக்டோபர் 15 அன்று ஜெர்மனியில் சிகிச்சையில் இருக்கும் எல்லாப் புற்றுநோயாளிகளையும் எண்ணிவிடலாம் என்று நாட்டின் ஒவ்வொரு டாக்டருக்கும் படிவம் அனுப்பினார்கள். சுமார் பாதிப் படிவங்கள்தான் நிரம்பி வந்தன. மீதி டாக்டர்களின் மேஜைக்கடியில் போயிருக்க வேண்டும். கணக்கு தோல்வி.

1926-ல் ஹாம்பர்க் நகரம் வேறு மாதிரி யோசித்தது. படிவம் அனுப்பிவிட்டுக் காத்திருப்பதற்குப் பதில் ஆளை அனுப்பினார்கள். மூன்று நர்சுகள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக, டாக்டர் டாக்டராகப் போய்ப் புதிய நோயாளிகளின் பெயர்களை எழுதி வந்தார்கள். சுகாதாரத் துறையில் ஒரு மைய அட்டவணை. வாரம் ஒருமுறை அதை இறப்புச் சான்றிதழ்களோடு ஒத்துப் பார்த்தார்கள். வங்கிப் பாஸ்புக்கையும் கடைப் பேரேட்டையும் ஒத்துப் பார்ப்பது போலத்தான். இறப்பில் இருந்து அட்டவணையில் இல்லாத பெயர் வந்தால், எங்கோ ஒருவரைத் தவறவிட்டிருக்கிறோம் என்று அர்த்தம். இன்றைய புற்றுநோய்ப் பதிவகங்கள் எல்லாவற்றின் அடிப்படையும் இந்த வேலைதான். 1942-ல், ஜெர்மன் ஆக்கிரமிப்புக்கு நடுவிலும், டென்மார்க் ஒரு முழு நாட்டுக்கும் சேர்த்து இதைத் தொடங்கியது. அதை நடத்தியவர் யொஹான்னஸ் கிளெம்மசன்.

நோய் கண்ட தேதியும் இறந்த தேதியும் கையில் இருந்தால் நடுவில் எவ்வளவு காலம் என்று கழித்துப் பார்க்கத் தோன்றுமே! அப்படி வந்ததுதான் ஐந்தாண்டு பிழைப்பு. கண்டுபிடித்த நாளிலிருந்து ஐந்து வருடம் கழித்து எத்தனை சதவீதம் பேர் உயிரோடு இருக்கிறார்கள்? ஐந்து என்ற எண்ணில் மந்திரம் ஒன்றும் இல்லை, பலவகைப் புற்றுநோய்கள் திரும்பி வருவதாக இருந்தால் பெரும்பாலும் அதற்குள் வந்துவிடும் என்ற அனுபவம்தான். எழுபது வயதுக்காரர் நடுவில் மாரடைப்பில் போய்விட்டால் என்ன செய்வது? அதற்காக 1950-ல் பெர்க்சனும் கேஜும் ஒரு வழி சொன்னார்கள். அதே வயதுள்ள சாதாரண மக்கள் எத்தனை பேர் பிழைத்திருப்பார்களோ அந்த எண்ணால் இதை வகுத்துவிடு. நியாயமான வழி. இன்றும் உலக ஒப்பீடுகள் இந்தப் பாதையில்தான் நடக்கின்றன. 2018-ல் வெளியான கன்கார்ட்-3 ஆய்வு 71 நாடுகளில் 3 கோடியே 75 லட்சம் நோயாளிகளை இப்படிக் கணக்கிட்டது.

சிகிச்சை எப்படி இருக்கிறது என்று பார்க்க இது நல்ல அளவுகோல். சிக்கல் கண்டுபிடிக்கும் நாளில் இருக்கிறது.

வணிகவியல் மாணவர்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு கற்பனைக் கணக்கு. மொத்த வியாபாரி ஒருவரிடம் கடனுக்குச் சரக்கு எடுக்கும் கடைக்காரர் 2010 டிசம்பரில் திவாலாகப் போகிறார். ஆடிட்டர் 2010 அக்டோபரில் கண்டுபிடித்தால், 'தெரிந்தபிறகு இரண்டு மாதம் தாங்கினார்' என்று எழுதலாம். 2004-லேயே கண்டுபிடித்தால், 'ஆறு வருடம் தாங்கினார்' என்று எழுதலாம். ஐந்தாண்டு பிழைப்பு பூஜ்யத்திலிருந்து நூறாகிவிட்டது! திவாலான தேதி மாறவில்லை, வர வேண்டிய பணமும் வரவில்லை.

இன்னொன்றும் செய்யலாம். எப்படியும் பணம் கட்டிவிடக்கூடிய நல்ல கடைக்காரர்கள் ஆயிரம் பேரையும் சந்தேகக் கடன் பட்டியலில் சேர்த்துவிட்டால் அந்தப் பட்டியலின் வசூல் விகிதம் எகிறும். வசூல் இலாகாவுக்குப் பாராட்டு விழாகூட நடக்கலாம். வாராக்கடன் ஒரு ரூபாய்கூடக் குறைந்திருக்காது. புற்றுநோயிலும் அப்படிப்பட்டவை உண்டு. மெதுவாக வளர்ந்து, ஆயுள் முழுக்கத் தொந்தரவே தராமல் போய்விடக்கூடியவை. ரத்தப் பரிசோதனை மூலம் புராஸ்டேட் புற்றுநோயை வலைவீசித் தேடிய அமெரிக்காவின் 98-க்குள் இந்த இரண்டும் கலந்திருந்தன. எவ்வளவு இது, எவ்வளவு நல்ல சிகிச்சை என்று அந்த ஒரு எண்ணைப் பார்த்துப் பிரிக்க முடியாது.

இது வெறும் தர்க்கம் இல்லை, நடந்தது. 1971-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் நன்றாகப் புகைபிடிக்கும் 9,211 ஆண்களை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்கு நான்கு மாதத்துக்கு ஒருமுறை மார்பு எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை. இன்னொரு பாதிக்கு வருடம் ஒருமுறை போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்ற யோசனை மட்டும். சோதிக்கப்பட்ட பக்கம் 206 நுரையீரல் புற்றுநோய் கண்டுபிடித்தார்கள், மறுபக்கம் 160. ஐந்தாண்டு பிழைப்பு சோதித்த பக்கத்தில் ஏறத்தாழ இரு மடங்கு. அபார வெற்றி என்று தோன்றும். நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர்கள்? சோதித்த பக்கம் 122, மறுபக்கம் 115. பிழைப்பு விகிதம் மட்டும் கையில் இருந்திருந்தால் உலகம் முழுக்கப் புகைபிடிப்பவர்களை எக்ஸ்ரே வரிசையில் நிறுத்தியிருப்பார்கள். (குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன் அதிகம் புகைபிடித்தவர்களிடம் இறப்பையே 20 சதவீதம் குறைக்கிறது என்று 2011-ல் தெரிந்தது. ஆக முன்கூட்டியே தேடுவது எல்லாமே வீண் என்று இல்லை.)

ஜப்பானில் நடந்தது இன்னும் வருத்தமானது. நியூரோபிளாஸ்டோமா என்று குழந்தைகளுக்கு வரும் ஒரு புற்றுநோய். ஆறு மாதக் குழந்தையின் சிறுநீரைச் சோதித்தால் கண்டுபிடிக்கலாம். 1980-களின் நடுவிலிருந்து நாடு முழுக்கச் சோதித்தார்கள். கண்டுபிடிக்கப்பட்ட குழந்தைகளில் அநேகமாக எல்லாரும் பிழைத்தார்கள். யாருக்குத்தான் சந்தேகம் வரும்? பிறகு கனடாவின் கியூபெக்கிலும் ஜெர்மனியிலும், சோதித்த பகுதியையும் சோதிக்காத பகுதியையும் வைத்து ஒட்டுமொத்தக் குழந்தைகளின் இறப்பை எண்ணினார்கள். 2002-ல் இரண்டு முடிவுகளும் ஒன்றாக வெளிவந்தன. இறப்பு குறையவே இல்லை. சோதனையில் சிக்கியவற்றில் பல தானாகவே கரைந்துபோகும் கட்டிகள், கொல்லும் வகையோ சோதனைக்குப் பிறகு வளர்ந்தது. 2003-ல் ஜப்பான் இந்தத் திட்டத்தை நிறுத்த முடிவு செய்தது. அதற்குள் தேவையே இல்லாமல் ஆபரேஷனும் கீமோதெரபியும் பட்ட குழந்தைகள் இருந்தார்கள். அவர்கள் பெயர்கள் எல்லாம் 'பிழைத்தவர்கள்' பத்தியில் இருந்தன!

தென்கொரியாவில் தைராய்டு. 1999-ல் தொடங்கிய தேசியப் பரிசோதனைத் திட்டத்தில் தைராய்டு கிடையாது. ஆனால் சோதனைக்கு வந்தவர்களிடம் கொஞ்சம் பணம் கூடக் கொடுத்தால் கழுத்துக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடலாம் என்று ஆஸ்பத்திரிகள் சொல்லின. 2011-ல் தைராய்டு புற்றுநோய் காணும் விகிதம் 1993-ஐப் போல 15 மடங்கு. பிழைப்பு விகிதம் உலகத்தரம். இறப்பு விகிதம் இருந்த இடத்திலேயே. 2014-ல் டாக்டர்கள் சிலர் சேர்ந்து இதை வெளிப்படையாகச் சொன்னார்கள், அடுத்த ஒரே வருடத்தில் ஆபரேஷன்கள் 35 சதவீதம் குறைந்தன. ஆபரேஷன் ஆன பெரும்பாலானோர் ஆயுள் முழுக்கத் தினமும் மாத்திரை சாப்பிட வேண்டும்.

இதுவரை பிழைப்பு விகிதம் இல்லாத வெற்றியை எப்படிக் காட்டும் என்று பார்த்தோம். இருக்கிற வெற்றியை மறைக்கவும் அதற்குத் தெரியும். இதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. ஒரு தாலுகாவில் 100 பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வருகிறது, 50 பேர் இறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம் (கற்பனைக் கணக்குதான்). பிழைப்பு 50 சதவீதம். ஒரு தடுப்புத் திட்டம் வந்து 60 பேருக்கு நோயே வராமல் செய்துவிடுகிறது. தடுக்க முடிந்தவை பெரும்பாலும் மெதுவாக வளரும் வகை, மிஞ்சும் 40-ல் முரட்டு வகை அதிகம். அதில் 25 பேர் இறக்கிறார்கள். பிழைப்பு 37.5 சதவீதமாக இறங்கிவிட்டது! சாவு சரிபாதியாகக் குறைந்த ஊருக்கு ரேங்க் பட்டியலில் கீழே இடம். நோய் வராதவர் எந்த ஆஸ்பத்திரி ரிஜிஸ்டரிலும் இல்லை. பின்னத்தின் பகுதியில் நோயாளிகளை மட்டும் போட்டால் அவர் கண்ணில் படவே மாட்டார். ஊரில் உள்ள எல்லாரையும் போட்டால்தான் படுவார்.

எல்லாரையும் போடுவது என்றால் பதிவகம் வேண்டும். இந்தியாவில் முதல் பதிவகம் 1963-ல் பம்பாயில் வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1981-ல் தேசியத் திட்டத்தைத் தொடங்கியபோது பெங்களூர், பம்பாயோடு சென்னையும் சேர்ந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கி, டாக்டர் சாந்தா பல பத்தாண்டுகள் கட்டிக் காத்த அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில்தான் சென்னைப் பதிவகம். இங்கே ஹாம்பர்க் நர்சுகளின் வேலையைவிடக் கஷ்டம். புற்றுநோய் வந்தால் ஆஸ்பத்திரி கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்ற தேசியச் சட்டம் இல்லாத நிலையில் பதிவக ஊழியர்களே ஆஸ்பத்திரிகள், லேப்கள், மாநகராட்சியின் இறப்புப் பதிவு அலுவலகம் என்று அலைந்தார்கள். இறப்புச் சான்றிதழில் காரணம் ஒழுங்காக எழுதப்படாததும் சகஜம். அதனால் நோயாளி இருக்கிறாரா இல்லையா என்று தெரிந்துகொள்ளப் பதில் கார்டு சேர்த்துத் தபால் போட்டார்கள், பதில் வராவிட்டால் முகவரியைத் தேடி வீட்டுக்கே போனார்கள். அந்த அலைச்சலில் தெரிந்த ஒரு விஷயம், சென்னையில் கருப்பைவாய்ப் புற்றுநோய் வரும் விகிதம் 1982-லிருந்து பாதிக்கும் கீழே இறங்கியது. பெரிய அளவில் பரிசோதனைத் திட்டம் எதுவும் இல்லாத காலத்திலேயே! தாமதமான திருமணம், குறைவான பிள்ளைப்பேறு, கொஞ்சம் கூடிய வசதி ஆகியவற்றையே காரணமாகச் சொல்கிறார்கள்.

கிராமங்களில் அவ்வளவு இறங்கவில்லை. அதற்கு என்ன செய்யலாம் என்று 2000-ல் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு ஆய்வு தொடங்கியது. அம்பிளிக்கை மருத்துவமனை, அடையாறு, பிரான்சின் லியோன் நகரில் இருக்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை ஆகியவை சேர்ந்து செய்தது. 114 ஊர்த்தொகுதிகளைச் சரிபாதியாகக் குலுக்கிப் பிரித்தார்கள். ஒரு பாதியில் 30 முதல் 59 வயது வரையான பெண்கள் 49,311 பேர். அவர்களுக்கு நர்சுகள் கருப்பைவாயில் 4 சதவீத அசெட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்த்தார்கள். வினிகர் மாதிரிதான். கோளாறான இடம் வெள்ளையாகத் தெரியும், தேவைப்பட்டால் உறையவைத்து அழித்துவிடலாம். சோதனைக்கு வந்தவர்கள் 31,343 பேர். மற்றவர்கள் ஏன் வரவில்லை என்பது ஊரில் வளர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆனால் வராதவர்களையும் கணக்கிலிருந்து எடுக்கவில்லை, அதுதான் இந்த ஆய்வின் நாணயம்.

இன்னொரு பாதியில் 30,958 பெண்கள். அவர்களுக்குப் பரிசோதனை இல்லை, வழக்கமான வைத்திய வசதி மட்டும்.

2006 வரை எண்ணினார்கள். ஒரு பெண்ணை ஒரு வருடம் கவனித்தால் ஒன்று என்ற கணக்கில், சோதித்த பக்கம் 2,74,430 ஆண்டுகள், 167 புற்றுநோய், 83 சாவு. சோதிக்காத பக்கம் 1,78,781 ஆண்டுகள், 158 புற்றுநோய், 90 சாவு. வயது முதலியவற்றைச் சரிசெய்தபின் நோய் வருவது 25 சதவீதம், இறப்பு 35 சதவீதம் குறைந்திருந்தது. 2007-ல் லான்செட் இதழில் வந்தது. இந்த எண்ணிக்கைக்காக வேண்டியே மாவட்டத்துக்கு ஒரு பதிவகமும் உருவாகி, தமிழ்நாட்டின் கிராமப்புறத்துக்கு முதல்முறையாகப் புற்றுநோய்க் கணக்கு கிடைத்தது.

அந்த 90 பேரைப் பற்றிக் கேள்வி எழுந்தது. மகாராஷ்டிராவில் நடந்த இதேபோன்ற இரண்டு ஆய்வுகளையும் சேர்த்து, சோதனை பலன் தரும் என்று மற்ற நாடுகளில் தெரிந்திருக்கும்போது ஒரு பாதிப் பெண்களைச் சும்மா விட்டது நியாயமா என்று விமர்சகர்கள் கேட்டார்கள். இந்த முறை இந்தக் கிராமங்களில் பலிக்குமா என்று யாருக்கும் தெரியாது, அரசுத் திட்டமும் அங்கே இல்லை என்பது ஆய்வாளர்கள் தரப்பின் பதில். பதிலில் நியாயம் இருக்கிறது, கேள்வியும் அதனால் தீர்ந்துவிடவில்லை. இறப்பை எண்ணித்தான் உண்மை தெரியும் என்றால், எண்ணப்படுகிற இறப்பு யாருடையதாவது இருக்க வேண்டும்.

இங்கிலாந்தில் 2008-ல் பள்ளி மாணவிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி தொடங்கியது. 12, 13 வயதில் ஊசி கிடைத்த தலைமுறையில் கருப்பைவாய்ப் புற்றுநோய் 87 சதவீதம் குறைந்ததைப் பதிவகக் கணக்கிலிருந்து 2021-ல் காட்டினார்கள். அதற்கு முந்தைய வருடம் உலக சுகாதார நிறுவனம் இந்த நோயை ஒழிப்பதற்கு ஓர் இலக்கு வைத்தது. எத்தனை சதவீதம் பேர் ஐந்து வருடம் பிழைக்க வேண்டும் என்று அதில் இல்லை. ஒரு லட்சம் பெண்களில் வருடத்துக்கு நான்கு பேருக்கு மேல் இந்த நோய் வரக்கூடாது என்று இருக்கிறது.